தபால்கார ஜெபதுரையும் பதினோரு கோடும்

ஸ்ரீவில்லிபுத்தூர் தபால் ஆபீசில் வேலை பார்த்த ஜெபதுரையைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். பாதிக்கு மேல் புளுகு. அவர் குடித்துவிட்டு வாசல் வாசலாக நின்றார் என்கிறான் ஒருவன். அவருக்கு எமனோடு பழக்கம் இருந்தது என்கிறான் இன்னொருவன். அவருக்குக் கடிதங்களை வீதிவாரியாகப் பிரித்துக் கொடுத்த குமாஸ்தா நான், பெயர் சூசை. எனக்குக் கோபம் அதிகம் என்பார்கள். இந்த மாதிரிப் புளுகைக் கேட்டால் கோபம் வராமல் என்ன செய்யும்? அதனால் நடந்ததை நடந்தபடி நானே எழுதிவிடுகிறேன்.

ஜெபதுரைக்கு ஊர் வன்னியம்பட்டி. ரயில் வருவதற்கு முன்னால், சலங்கை கட்டிய ஈட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு தபால் பையோடு ஓடுகிற வேலையில்தான் முதலில் சேர்ந்தார். சலங்கைச் சத்தம் கேட்டால் நரிகூட ஒதுங்கும் என்பார். நரியை நான் பார்க்கவில்லை. ஆனால் அவர் காலைப் பார்த்திருக்கிறேன். ஆடுசதை கல்லு மாதிரி இருக்கும். இருபத்தேழாம் வருஷம் எங்கள் பக்கம் ரயில் ஓட ஆரம்பித்ததும் ஓட்டக்காரர் வேலை ஒழிந்தது. ஈட்டியை வாங்கி வைத்துக்கொண்டு, காக்கிச் சட்டையும் தோல் பையும் கொடுத்து, கோவிலைச் சுற்றியுள்ள மாட வீதிகளுக்குத் தபால்காரராக்கினார்கள்.

மனிதருக்கு இரண்டே ஆசை. ஒன்று சுருட்டு, இன்னொன்று கருவாடு. காலையில் பழைய சோற்றுக்கு நெத்திலிக் கருவாடு, மத்தியானம் சோற்றுக்குச் சாளைக் கருவாடு. கருவாட்டில் இருக்கிற உப்பு போதாதென்று மேலே ஒரு கல் உப்பு வேறு. அவர் தூக்குச்சட்டியைத் திறந்தால் ஆபீசில் முத்திரை குத்துகிறவன் மூக்கைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விடுவான். நான் போகமாட்டேன். எனக்கும் கருவாடு பிடிக்கும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். சாவுச் செய்தி எழுதுகிற கார்டின் மூலையில் கறுப்பு மை தடவி அனுப்புவார்கள். அதை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. வெளியே நின்று படித்து, கிழித்துப் போட்டுவிட்டு, வீட்டோடு எல்லோரும் தலைமுழுக வேண்டும். இதில் ஜெபதுரை ஒரு முறை வைத்திருந்தார். நல்ல கடிதமானால் விறுவிறுவென்று போய், மேல் படியில் வைத்துவிட்டு, "தபால்!" என்று ஒரு சத்தம் கொடுப்பார். கறுப்புக் கார்டானால் படிப் பக்கமே போகமாட்டார். தெருவிலேயே நின்று, "சாமி, செத்த வெளிய வாங்க" என்று வீட்டுப் பெரிய மனிதரைக் கூப்பிட்டு, மற்றவர்கள் பார்க்காதபடி கையில் கொடுப்பார். "நீ வேதக்காரன், ஏசுசாமியைக் கும்பிடுதவன். உனக்கு எதுக்குலே இந்தத் தீட்டு வழக்கமெல்லாம்?" என்று கேட்டிருக்கிறேன். "அவிய வீட்டுக்கு அவிய முறை, சூசை. நாம கொண்டுபோற சாவுதான, நாமதான் பதமா குடுக்கணும்" என்பார்.

ஆக, ஜெபதுரை படிக்கு வந்தால் நல்ல சேதி, தெருவில் நின்றால் சாவு. மாட வீதிப் பெண்களுக்கு இது மனப்பாடம்.

முப்பத்தெட்டாம் வருஷம் ஆடி மாதத்தில் அந்தக் கால்கள் தகராறு செய்ய ஆரம்பித்தன. முதலில் அடி சிறுத்தது. காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நடந்தார். பிறகு வாசல் கண்ட இடத்தில் நிற்க ஆரம்பித்தார். நடந்துகொண்டே வருவார், நிலைப்படியைக் கண்டதும் இரண்டு காலும் நின்றுவிடும். மேல் உடம்பு மட்டும் முன்னால் சாயும். ஆபீஸ் வாசலிலேயே இப்படி ஒரு நாள் வழியை மறித்துக்கொண்டு நின்றார்.

"ஏலே, வாசலை அடைச்சுக்கிட்டு ஏன் நிக்கே?"

"கால் வரமாட்டேங்கு சூசை. தரையில பசை போட்டு ஒட்டுன மாதிரி இருக்கு."

நான் நம்பவில்லை. காரணம் இருந்தது. அன்று காலைதான் ஸ்டேஷனில் அதே மனிதர் தண்டவாளத்தின் குறுக்குக் கட்டைகள் மேல் கட்டைக்கு ஓர் அடியாக வைத்து இளவட்டம் மாதிரி நடந்ததை என் கண்ணால் பார்த்திருந்தேன். ரயில் பாதையில் பறக்கிற கால் ஆபீஸ் வாசலில் மட்டும் ஒட்டிக்கொள்ளுமா? வேலைக் கள்ளன் என்று வாய்விட்டே சொன்னேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்தச் சொல்லுக்காக வெட்கமாக இருக்கிறது.

இந்த நிலையில்தான் சேஷு ஐயங்கார் வீட்டுக்கு அந்தக் கடிதம் வந்தது. சேஷு ஐயங்கார் கோவிலில் பிரபந்தம் சேவிக்கிற கோஷ்டியில் முன் வரிசைக்காரர். வெண்கலக் குரல். கோபத்தில் எனக்கு அண்ணன். அவர் மகள் காஞ்சனாவுக்குக் கும்பகோணத்தில் ஒரு வரன் பார்த்து, மாப்பிள்ளை வீட்டுப் பதிலுக்காக இரண்டு மாதமாகக் காத்திருந்தார்கள். அந்தப் பதில் வந்தது. சம்மதம் என்று எழுதி, உறையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி அனுப்பியிருந்தார்கள்.

ஜெபதுரை அதைச் சந்தோஷமாக எடுத்துக்கொண்டு போனார். வீட்டுப் படிக்கு நான்கு முழம் இருக்கும்போது கால் நின்றுவிட்டது. கையில் கடிதத்தை நீட்டியபடி, முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் நின்றார்.

சேஷு ஐயங்காரின் சம்சாரம் கமலவல்லி அம்மாள் ஜன்னல் வழியாகப் பார்த்தார். ஜெபதுரை தெருவில் நிற்கிறார்! யார், என்ன என்று ஒன்றும் கேட்கவில்லை. "ஐயோ பெருமாளே!" என்று ஒரே சத்தம். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடிவந்தார்கள். யார் போனது என்று ஒருவருக்கும் தெரியாது. அதனால் அவரவர் மனத்தில் யார் இருந்தார்களோ அவர்களுக்காக அழுதார்கள். வடித்த சாதத்தைக் கொட்டினார்கள். குடத்துத் தண்ணீரைக் கவிழ்த்தார்கள். கட்டின புடவையோடு கிணற்றடியில் தலைமுழுக்கு நடந்தது. ஜெபதுரை தெருவில் நின்றபடியே, "நல்ல சேதிதாம்மா, நல்ல சேதிதாம்மா" என்று சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். கால் போல அவர் குரலும் அப்போது சிறுத்துப் போயிருந்தது. அந்த அழுகையில் அது யார் காதில் விழும்?

கோவிலிலிருந்து திரும்பிய சேஷு ஐயங்கார் ஈரப் புடவைகளையும் கொட்டின சோற்றையும் பார்த்தார். கடிதத்தைப் பிடுங்கினார். மஞ்சளைப் பார்த்தார். கல்யாணச் சேதியை அழுது வரவேற்ற வீடு ஊரிலேயே தன்னுடையதுதான் என்று அவருக்குப் புரிந்தபோது, அந்த வெண்கலக் குரல் ரத வீதி வரை கேட்டதாம்.

அன்று சாயங்காலமே மேலிடத்துக்கு மனு போய்விட்டது. "தபால்காரன் குடித்துவிட்டு வந்து மங்கல காரியத்தில் அபசகுனமாக நிற்கிறான்" என்று நான்கு பக்கம். பத்து நாளில் பதில் வந்தது. மதுரையிலிருந்து தபால் இன்ஸ்பெக்டர் அடுத்த மாதம் நேரில் வருவார். ஜெபதுரை டாக்டர் சர்டிபிகேட் வைத்திருக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் முன்னால் ஒரு வீடு விடாமல் தன் வீதி முழுவதும் நடந்து காட்ட வேண்டும். எங்காவது நின்றால் அன்றோடு வேலைக்கு லாயக்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்படுவார்.

ஐம்பத்தைந்து வயது முடிந்து முறையாக வேலையிலிருந்து இறங்க இன்னும் எட்டு மாதம்தான் இருந்தது. ஜெபதுரை அந்த உத்தரவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "பை தோள்ல இருக்கவரைக்கும்தான் நான் தபால்காரன். பை போச்சுன்னா ஏசம்மா புருஷன், அம்புட்டுதான்" என்றார்.

அவருக்கு மத்தியானச் சோறு கொண்டுவந்திருந்த சம்சாரம் ஏசம்மாள் சும்மா இருப்பாளா? "ஏன், என் புருஷனா இருக்கது அம்புட்டு கேவலமாவா போச்சு?" என்று தூக்குச்சட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கு அவருக்குச் சோறு நான் கொடுத்தேன்.

முதலில் சோழபுரம் வைத்தியர் சங்கையாவிடம் போனார். சங்கையா தெலுங்கு பேசுகிற வீட்டுக்காரர். நாடியைப் பிடித்துவிட்டு, "பயம் லேது. இது நடுக்குவாதம்" என்றார். சேத்தூரில் வெள்ளத்தாய் என்ற அம்மாளுக்குக் கை ஆடிக்கொண்டே இருந்ததாம்; அகப்பையைப் பிடித்தால் குழம்பெல்லாம் தரையில் கிடக்குமாம். இவர் பூனைக்காலி விதையைப் பாலில் அவித்துப் பொடித்துக் கொடுத்தபின் இப்போது சிந்தாமல் பரிமாறுகிறாளாம். அதே பொடியை ஜெபதுரைக்கும் கொடுத்தார்.

பூனைக்காலிக் காயின் மேல் ஒரு சுணை உண்டு. மேலே பட்டால் போதும், உடம்பு பற்றி எரியும். பொடி கட்டிய காகிதத்தில் அந்தச் சுணை ஒட்டியிருந்ததை யாரும் பார்க்கவில்லை. ஜெபதுரை பொடியைத் தின்ற கையோடு கழுத்தையும் முதுகையும் தடவிவிட்டார். அப்புறம் வன்னியம்பட்டி முழுக்க ஓடினார். வாசல் என்ன, வேலி என்ன, எங்கேயும் கால் நிற்கவில்லை. "மருந்து வேலை செய்யுது!" என்று சங்கையா வைத்தியருக்கு ஆள் போனது. அரிப்பு அடங்கியதும் கால் பழையபடி ஒட்டிக்கொண்டது. மூன்று வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டும் குணம் தெரியவில்லை.

பிறகு நான் அவரை ராஜபாளையத்துக்கு அழைத்துப் போனேன். அங்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் பரிபூரணம் என்ற டாக்டரம்மா புதிதாக வந்திருந்தார். பஸ் படியில் கால் நின்றுவிட, கண்டக்டரும் நானும் அவரை மூட்டையைப் போலத் தூக்கி உள்ளே போட்டோம். பஸ்ஸில் இருந்தவர்கள் லக்கேஜ் சார்ஜ் உண்டா என்று கேட்டார்கள். எனக்கு வந்த கோபத்தில் அவர்களுக்கு என்ன பதில் சொன்னேன் என்பதை எழுத முடியாது.

டாக்டரம்மா அவர் கையில் ஒரு பட்டையைச் சுற்றி, ரப்பர் பந்தை அமுக்கினார். பெட்டிக்குள் பாதரசம் ஏறியது. ஏறி, ஏறி, இருநூற்றுப் பத்தில் நின்றது.

"என்ன தாயி, பாஸ் பண்ணிட்டேனா?" என்றார் ஜெபதுரை.

"இதுல நெறைய மார்க் வாங்குனா ஃபெயில்" என்றார் டாக்டரம்மா.

பிறகு கையை மடக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார். கை நடுங்கவில்லை. மேல் பாதி கிட்டத்தட்ட சரியாகவே இருந்தது; இடுப்புக்குக் கீழேதான் கோளாறு. நான் வைத்தியர் சொன்னதையும், சேத்தூர் அம்மாளுக்குக் கேட்ட மருந்து இவருக்குக் கேட்காததையும் சொன்னேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"அந்த அம்மாவுக்கு இருக்கறது நடுக்குவாதமா இருக்கும். இவருக்கு அது மாதிரியே தெரியுது, ஆனா அது இல்லை. ஒண்ணு ராஜபாளையம், ஒண்ணு ஸ்ரீவில்லிபுத்தூர். ஒரே ரோட்டுலதான் இருக்கு, ஊர் வேற" என்றார். "நிலத்துக்குத் தண்ணி பாய்ச்சுறீங்களே, வாய்க்கால் தூர்ந்துபோனா எது முதல்ல காயும்?"

"கடைமடை வயலு" என்றார் ஜெபதுரை.

"அதேதான். ரத்தம் இம்புட்டு வேகமா மோதி மோதி உங்க ரத்தக்குழாயெல்லாம் கெட்டியாயிருச்சு. மூளைக்குள்ள, நடையைப் பார்த்துக்கிடுற எடத்துக்குப் போற குழாய் ரொம்பச் சின்னது. அது அங்கங்க அடைஞ்சிருச்சு. கால்ல ஒரு குத்தமும் இல்லை. காலுக்கு உத்தரவு போடுற எடம்தான் காய்ஞ்சு கெடக்கு. சீமையில பத்து வருஷத்துக்கு முன்னால ஒரு டாக்டர் இதைப் பத்தி எழுதியிருக்கார். எல்லா டாக்டரும் ஒத்துக்கிடலை. எனக்கு உங்களைப் பார்த்தா அவர் சொன்னது சரின்னுதான் தோணுது."

"மருந்து?"

"காய்ஞ்சதைப் பச்சையாக்க மருந்து இல்லை. மிச்சம் இருக்கறதைக் காப்பாத்தலாம். சுருட்டை விடணும். உப்பைக் குறைக்கணும். கருவாடு கூடவே கூடாது."

ஜெபதுரையின் முகத்தில் கொஞ்ச மாதமாகவே அசைவு குறைந்திருந்தது. அப்படிப்பட்ட முகத்திலும் துக்கம் தெரிந்தது. "நெத்திலியுமா தாயி? அது ரொம்பச் சின்னதுல்லா?" என்று கேட்டார்.

அப்போதுதான் நான் என் சந்தேகத்தைச் சொன்னேன். இவர் ரயில் கட்டை மேல் மட்டும் நன்றாக நடக்கிறாரே, இது என்ன நியாயம் என்றேன். டாக்டரம்மா எழுந்து, சுவர் மாடத்தில் இருந்த சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, தரையில் ஓர் அடிக்கு ஒரு கோடாகக் குறுக்கே ஆறு கோடு இழுத்தார். "கோட்டைத் தாண்டி வாங்க" என்றார். ஜெபதுரை ஒரு கோடு தாண்டினார். இரண்டு தாண்டினார். ஆறையும் தாண்டி, அந்த வேகத்தில் வாசற்படியையும் கடந்து வராந்தாவுக்கே போய்விட்டார்.

"காலுக்குத் தானா உத்தரவு வரலை. கண்ணு ஒரு கோட்டைப் பார்த்தா, வேற வழியா உத்தரவு போகுது. எல்லாருக்கும் கேக்காது, இவருக்குக் கேக்குது" என்றார்.

நான் ஜெபதுரையிடம் போய், "ஏலே, நான் உன்னைக் கள்ளன்னு சொன்னது தப்பு" என்றேன். என் வாழ்க்கையில் நான் மன்னிப்புக் கேட்டது மொத்தம் இரண்டு தடவை; இது ஒன்று. அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. "கருவாட்டைத் தண்ணியில ஊறப்போட்டு உப்பெடுத்துட்டுத் திங்கலாமான்னு கேளு" என்றார்.

ஏசம்மாள் அன்றே வீட்டுக்குள் சுண்ணாம்பால் கோடு கோடாக இழுத்தாள். ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் ஞானரத்தினம் ஜெபம் பண்ண வந்தவர் அதைப் பார்த்துத் திடுக்கிட்டார். "ஏட்டி ஏசம்மா, ஞானஸ்நானம் வாங்குன வீட்டுல கோலமா?"

"கோலம் இல்லைங்க அய்யா, மருந்து. டாக்டரம்மா குடுத்தது. குடிக்கதுக்குப் பதிலா தாண்டுதாக" என்றாள் அவள். உபதேசியார் யோசித்துப் பார்த்துவிட்டு, கோடுகளை மிதிக்காமல் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போய் ஜெபம் பண்ணினார்.

ஆனால் வீட்டுக்குள் தாண்டி என்ன பயன்? இன்ஸ்பெக்டர் பார்க்கப்போவது மாட வீதி. அந்த வீதியில் போய்க் கிறிஸ்தவப் பெண் சுண்ணாம்புக் கோடு இழுக்க முடியுமா? ஏசம்மாள் மாட வீதிக் கொல்லைப்புறங்களில் கீரை விற்கிறவள். முருங்கைக்கீரையைக் கமலவல்லி அம்மாளிடம் கொடுக்கும்போது எல்லாவற்றையும் சொல்லி அழுதிருக்கிறாள். அந்த அம்மாளுக்கு ஏற்கெனவே உறுத்தல். தான் அவசரப்பட்டு அழுததால்தானே ஒரு மனிதர் வேலை போகப்போகிறது?

"கோடுதானே வேணும்?" என்றாராம் கமலவல்லி அம்மாள். "படிக்கோலம் போட்டா ஆச்சு."

படிக்கோலம் என்றால் இணை இணையாக நேர்க்கோடு இழுக்கிற கோலம். அதைத் தெருவிலிருந்து படி வரைக்கும் நீட்டிப் போட்டால் ஏணியைப் படுக்க வைத்த மாதிரி இருக்கும். ஒரு வீட்டுக்குத் தெரிந்தது மாட வீதிக்குத் தெரிய எவ்வளவு நேரம் ஆகும்? வீதி ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் தெரியவில்லை; எனக்கு ஏசம்மாள் சொல்லியிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் வருகிற நாள் காலையில் நான் தபாலைப் பிரித்தேன். மாட வீதித் தபால் கட்டுக்குள் ஒரு கார்டு. மூலையில் கறுப்பு. விலாசம் சேஷு ஐயங்கார். மன்னார்குடியில் இருந்த அவருடைய அக்கா போய்விட்டார். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்த அக்கா என்று அவரே பலமுறை எங்கள் ஆபீஸ் ஜன்னலில் நின்று சொல்லியிருக்கிறார்.

ஜெபதுரையைத் தனியே கூப்பிட்டேன். "ஏலே, இதை நாளைக்குக் குடு. இல்லாட்டி இன்னைக்கு ஒரு நாள் மட்டும் மத்தக் கடிதம் மாதிரி படியில வச்சிட்டு வந்துரு. அந்த வீட்டு முன்னால நின்னியோ, போச்சு."

அவர் கார்டை வாங்கிப் பார்த்தார். "சாவுக் கார்டை நான் ஒரு நாளும் தங்க வச்சதில்லை சூசை. படியிலயும் வச்சதில்லை" என்றார். கார்டை மற்றக் கடிதங்களுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் வந்தார். ஒல்லியான மனிதர், பென்சிலைக் காதில் செருகியிருந்தார். டாக்டர் சர்டிபிகேட்டைப் படித்தார். "தரையில் கோடு இருந்தால் நடப்பார் என்று எழுதியிருக்கிறதே? தபால் இலாகாவில் இப்படி ஒரு விதி இல்லையே" என்றார். பிறகு மூன்று பேரும் புறப்பட்டோம்.

மாட வீதிக்குள் நுழைந்ததும் இன்ஸ்பெக்டர் நின்றுவிட்டார். வீதி முழுக்க வாசல்தோறும் வெள்ளை வெளேரென்று ஏணி. "இன்று என்ன பண்டிகை?" என்று என்னைக் கேட்டார். "இந்த ஊரில் தினமும் பண்டிகைதான் சார்" என்றேன்.

ஜெபதுரை முதல் வீட்டுக் கோலத்தின் முன்னால் வந்தார். கோட்டைப் பார்த்தார். கோலத்தை மிதிக்கக் கூடாதே என்ற பயம் வேறு சேர்ந்துகொள்ள, காலை நன்றாகவே தூக்கினார். ஒன்று, இரண்டு, மூன்று, படி. "தபால்!" திரும்பினார், தாண்டித் தாண்டித் தெருவுக்கு வந்தார். அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. ஜன்னலுக்கு ஜன்னல் பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பதினெட்டு வீடு தாண்டியாயிற்று. சலங்கை ஈட்டியோடு ஓடின மனிதரை நான் மறுபடியும் பார்த்தேன். எனக்கே ஆட வேண்டும் போல இருந்தது; ஆனால் பத்தொன்பதாவது வீடு வந்துகொண்டிருந்தது.

சேஷு ஐயங்கார் வாசலில் கைத்தடியோடு நின்றுகொண்டிருந்தார். முன்னால் பதினோரு கோடு. மற்ற வீடுகளைவிட நெருக்கமாக, அழகாக இழுத்திருந்தது. ஜெபதுரை முதல் கோட்டின் முன்னால் வந்து நின்றார்.

நின்றார்.

"பாருங்கோ!" என்றார் சேஷு ஐயங்கார். "பாருங்கோ சார்! நின்னுட்டான்! நான் எழுதினது பொய்யா?"

ஜன்னலிலிருந்து கமலவல்லி அம்மாள் தன்னை மறந்து கத்தினார்: "ஜெபதுரை! கோடு போட்டிருக்கேன் பாரு! காலைத் தூக்கி வையேன்! உள்ள வாயேன்!"

இந்தத் தடவை ஒருவரும் அழவில்லை. ஜெபதுரை தெருவில் நின்றால் அது கால் கோளாறுதான் என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். இன்ஸ்பெக்டர் காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.

ஜெபதுரை, "சாமி, செத்த வெளிய வாங்க" என்றார்.

சத்தம் சிறியதுதான். ஆனாலும் சேஷு ஐயங்காருக்குக் கேட்டது. அவர் முகம் மாறியது. கோடுகளைப் பார்க்காமல் கோலத்தை மிதித்துக்கொண்டே தெருவுக்கு வந்தார். ஜெபதுரை மற்றவர்கள் பார்க்காதபடி கார்டை அவர் கையில் வைத்தார்.

சேஷு ஐயங்கார் படித்தார். "அக்கா" என்று ஒரு வார்த்தை சொன்னார். அந்த வெண்கலக் குரல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கார்டைக் கிழிக்கவும் கை வரவில்லை. வீட்டைப் பார்த்துத் திரும்பியவருக்குக் காலும் வரவில்லை. அப்படியே நின்றார்.

ஜெபதுரை கையை நீட்டினார். நீட்டியபின், யாரைத் தொடப்போகிறோம் என்று நினைத்துப் பின்வாங்கினார்.

"கையைக் கொடுடா. எப்படியும் முழுகத்தானே போறேன்" என்றார் சேஷு ஐயங்கார்.

"கோட்டைப் பாருங்க சாமி. அம்புட்டையும் பாக்காதிய. ஒண்ணை மட்டும் பாருங்க. தாண்டுங்க. இன்னொண்ணு." இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு பதினோரு கோட்டையும் தாண்டிப் படிக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

துக்கம் வந்த வீட்டு வாசலில் கோலம் இருக்கக் கூடாது. கமலவல்லி அம்மாள் அழுதுகொண்டே ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து வாசலில் ஊற்றி, துடைப்பத்தால் தள்ளினார். அந்த நேரத்தில் அவர் வேறெதையும் யோசிக்கவில்லை. பதினோரு கோடும் போய்விட்டது. வெறும் ஈர மண்.

ஜெபதுரை தெருவுக்குத் திரும்பினார். கால் நின்றது. இந்தத் தடவை நிஜமாகவே நின்றது. மேல் உடம்பு முன்னால் சாய்ந்தது, பை ஆடியது, பாதம் மட்டும் அசையவில்லை. இன்ஸ்பெக்டர் பென்சிலோடு பார்த்துக்கொண்டிருந்தார். கமலவல்லி அம்மாள் காலிக் குடத்தையும் ஜெபதுரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். இன்னும் பன்னிரண்டு வீடு பாக்கி.

சேஷு ஐயங்கார் படியிலிருந்து இறங்கினார். கண்ணைத் துடைக்கவில்லை. கைத்தடியின் நுனியால் ஈர மண்ணில் ஒரு கோடு கீறினார். ஓர் அடி பின்னால் போய் இன்னொரு கோடு. அப்படிப் பின்னாலேயே போய், பதினோராவது கோட்டைத் தெருவில் கீறிவிட்டு நிமிர்ந்தார்.

"வாடா" என்றார்.

ஜெபதுரை தாண்டி வந்தார்.

இன்ஸ்பெக்டர் ஜெபதுரையைக் கேட்டார்: "முதலில் நின்றீரே, அப்போதும் கால் வரவில்லையா?"

"அப்ப வந்துருக்கும் ஐயா. அப்ப நான்தான் நின்னேன்."

இன்ஸ்பெக்டர் நோட்டை மூடிப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "அடுத்த வீடு" என்றார்.